மலையாட்டு வேட்டையும் துப்பாக்கித் தெரிவும்

வட அமெரிக்கக் கண்டத்தின் மேற்குப் புறத்தே, அலாஸ்காவிலே தொடங்கி, கனடாவின் யூக்கொன், பிரிட்டிஷ் கொலம்பியா ஆகிய பகுதிகளைக் கடந்து, ஐக்கிய அமெரிக்காவின் றொக்கி மலைகள் வழியாக மெக்சிக்கோவின் வறண்ட குன்றுகள் வரையும் நீண்டு கிடக்கும் மலைத்தொடர்களிலே காட்டுச் செம்மறிகள் வாழ்கின்றன. வடக்கே பனிபோல் வெண்ணிறம் படைத்த டால் செம்மறி. அதற்குத் தெற்கே கருஞ்சாம்பல் நிறமுடைய ஸ்டோன் செம்மறி. றொக்கி மலைகளிலே பெருங்கொம்புச் செம்மறி. தென்மேற்கின் பாலை நிலக் குன்றுகளிலே அதன் இனமாகிய பாலைச் செம்மறி. இவற்றோடு றொக்கி மலை வெள்ளாடு என்ற விலங்கும் உண்டு. பெயரால் வெள்ளாடு ஆயினும், வீட்டு வெள்ளாட்டின் பேரினத்தை அது சேர்ந்ததன்று. ஆணும் பெண்ணும் குறுவாள் போன்ற கரிய கொம்புகளை உடையன. செங்குத்தான பாறைகளிலே மற்றெந்த விலங்கும் கால் வைக்க அஞ்சும் இடத்தை அது தன் வீடாகக் கொண்டது.

இவ்விலங்குகளை வேட்டையாடுதல் பிற வேட்டைகளினின்றும் பெரிதும் வேறுபட்டது. காட்டிலே மறைந்திருந்து பத்துப் பதினைந்து யார் தொலைவிற் சுடுகின்ற வேட்டைக்காரன் இங்கே தன் அனுபவத்தை மறந்துவிடவேண்டியவனாகின்றான். மலைச் செம்மறியின் பெரும் காவல் அதன் கண். மரமற்ற உயர்ந்த சரிவிலே படுத்துக்கொண்டு, கீழே உள்ள பள்ளத்தாக்கு முழுவதையும் அது நோக்கிக்கொண்டிருக்கும். ஆகவே வேட்டைக்காரன் முதலில் தொலைவில் இருந்தே அதனைக் கண்டு, சுற்றிச் சென்று, அதற்கும் மேலே ஏறி, அங்கிருந்து இறங்கி அணுகவேண்டும். கூடாரம், உணவு, போர்வை யாவும் முதுகிலே. வழியோ கூழாங்கற் சரிவு. இவ்வாறு பல நாள் அலைந்த பின் அவனுக்குக் கிடைப்பது சில கணங்களே நீடிக்கும் ஒரே வாய்ப்பு. அந்தக் கணத்திலே கையிலிருக்கும் துப்பாக்கி எத்தகையதாயிருத்தல் வேண்டும், அதில் இடும் தோட்டா எத்தகையதாயிருத்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

இவ்வினாவுக்கு விடை கூறப் புகுவோர் பெரும்பாலும் வலிமையையே முதலில் நாடுவர். பெரிய தோட்டா, மிகுந்த வெடிமருந்து, பேரொலி, பேரடி ஆகியவையே சிறந்த துப்பாக்கியின் இலக்கணம் என்று கருதுவர். மலை கற்பிக்கும் பாடமோ வேறு. சோர்வின்றிச் சுமக்கத் தக்கதும், குறி தவறாது அனுப்பத் தக்கதும், சுடுவோன் சிறிதும் அஞ்சாது கையாளத் தக்கதுமே மலைக்குரிய துப்பாக்கி. இதன் காரணங்களை அறிதற்குத் துப்பாக்கியின் இயல்பைச் சிறிது விளங்கிக்கொள்ளுதல் வேண்டும்.

தோட்டா என்பது நான்கு பகுதிகள் சேர்ந்த ஒரு முழுப்பொருள். பித்தளைக் கூடு, அதன் அடியிலே தீயை மூட்டும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, வாயிலே பொருத்திய குண்டு ஆகியன அந்நான்கு பகுதிகள். சுட்டவுடன் குழலின் வழியே பறந்து செல்வது குண்டு மாத்திரமே. றைபிள் எனப்படும் துப்பாக்கியின் குழலினுள்ளே திருகாணிபோற் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவை குண்டைப் பம்பரம்போற் சுழலச் செய்கின்றன. சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோலவே, சுழன்று செல்லும் குண்டும் தலைகீழாகப் புரளாமல் முனை முன்னாக நேரே செல்கின்றது. குண்டின் எடையைக் கிறெயின் என்ற சிற்றளவையாற் கூறுவர். 7,000 கிறெயின் சேர்ந்தது ஓர் இறாத்தல்.

இனி, முதலாவதாக எண்ணவேண்டியது துப்பாக்கியின் பாரம். தொலைநோக்கிக் குறிகாட்டி, தோல்வார், தோட்டாக்கள் யாவும் சேர்ந்த சாதாரண வேட்டைத் துப்பாக்கி 9 இறாத்தல் வரை நிறுக்கும். மலைக்கென்று அமைந்ததோ 7 இறாத்தல் அளவில் இருக்கும். இரண்டு இறாத்தல் வேறுபாடு கடையிலே எடுத்துப் பார்ப்பவனுக்குப் பொருட்டாகத் தோன்றாது. மூவாயிரம் அடி உயரத்தைக் காலையிலே ஏறி, மாலையிலே இறங்கி, மறுநாளும் அதனையே செய்பவனுக்கு அதன் பொருள் நன்கு விளங்கும். களைத்த மனிதனின் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அந்நிலையிலே அவன் சுடும் குண்டு குறியைத் தவறுதல் இயல்பு. எனவே பாரக் குறைவு உடலுக்கு மட்டுமன்றிக் குறிக்கும் துணையாகின்றது.

ஆனால் இங்கே இயற்கை ஒரு விலை கேட்கின்றது. முன்னோக்கிச் செல்லும் குண்டும் வெடிவாயுவும் பெறுகின்ற உந்தத்துக்கு ஒப்பான உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறும் என்பது நியூட்டனின் விதியிலிருந்து பெறப்படும் உண்மை. துப்பாக்கி பாரமாயிருப்பின் அது மெல்லப் பின்வாங்கும். இலேசாயிருப்பின் விரைந்து தோளை உதைக்கும். ஆதலால் இலேசான துப்பாக்கியிலே மிக வலிய தோட்டாவை இடுபவன், தன் தோளுக்குத் தானே தண்டனை விதித்துக்கொள்கின்றான். உதைக்கு ஒரு முறை அஞ்சியவன், அடுத்த முறை விசையை அழுத்துமுன்பே தன்னையறியாது கண்ணை மூடித் தோளைச் சுருக்குவான். அந்தச் சிறு அசைவே குண்டைத் தொலைவில் ஒரு முழம் விலக்கிவிடப் போதுமானது. பாரமும் வலிமையும் ஒன்றையொன்று பார்த்தே தெரிந்தெடுக்கப்படவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவதாக எண்ணவேண்டியது குண்டின் பாதை. குண்டு நேர்கோட்டிலே செல்கின்றது என்று பலர் நினைப்பர். உண்மையில் குழலை விட்டு வெளியேறிய கணத்திலிருந்தே புவியீர்ப்பு அதனைக் கீழே இழுக்கத் தொடங்குகின்றது. எறிந்த கல்லின் பாதை எவ்வாறு வளைகின்றதோ அவ்வாறே குண்டின் பாதையும் வளைகின்றது. குண்டு எவ்வளவு விரைவாகச் செல்கின்றதோ அவ்வளவுக்கு அது விழுதற்குக் கிடைக்கும் நேரம் குறைகின்றது. பாதையும் நேர்கோட்டை நெருங்குகின்றது.

ஒரு சான்று கூறின் இது தெளிவாகும். .270 வின்செஸ்டர் என்ற தோட்டாவின் 130 கிறெயின் குண்டு, செக்கனுக்கு ஏறக்குறைய 3,060 அடி வேகத்திலே குழலை விட்டுப் புறப்படும். 200 யார் தொலைவிலே குறியிற் சரியாகப் படும்படி அதனைத் திருத்தி வைத்தால், 300 யாரில் அது ஏறத்தாழ 6 அல்லது 7 அங்குலம் தாழ்ந்து படும். 400 யாரில் ஒன்றரை அடிக்கு மேலும் தாழ்ந்துவிடும். அனுபவமுள்ள மலை வேட்டைக்காரர் இதற்கு ஓர் எளிய உபாயம் கண்டனர். 100 யார் தொலைவிலே குறிக்கு 3 அங்குலம் மேலே படும்படி துப்பாக்கியைத் திருத்திவைப்பர். அப்பொழுது குண்டு வழியில் எவ்விடத்தும் 4 அங்குலத்துக்கு மேல் உயர்வதில்லை. 300 யாரிலும் 2 அங்குல அளவே தாழ்கின்றது. செம்மறிக் கடாவின் இதயமும் நுரையீரலும் அமைந்த உயிர்நிலை ஏறத்தாழ 8 அங்குல விட்டமுள்ள வட்டம் எனக் கொண்டால், 300 யார் வரையும் கணக்குப் போடாமல் நடுவிலே குறி வைத்துச் சுடலாம் என்பது பெறப்படும்.

காற்றும் கருதத் தக்கது. மணிக்கு 10 மைல் வேகத்திலே குறுக்காக வீசும் காற்று, மேற்கூறிய குண்டை 300 யாரில் ஏறத்தாழ 6 அங்குலம் ஒதுக்கிவிடும். 400 யாரிலோ அது ஏறக்குறைய இருமடங்காகின்றது. மலையிலே காற்று ஒரே திசையில் வீசுவதுமில்லை. வேட்டைக்காரன் நிற்கும் முகட்டிலே ஒரு திசையும் இடையிலுள்ள பள்ளத்திலே மற்றொரு திசையுமாக வீசும். நீண்டு மெலிந்த குண்டு, குட்டையான மொட்டைக் குண்டைக் காட்டிலும் காற்றை நன்றாக ஊடறுத்துச் செல்லும். ஆதலின் மலைக்குரிய குண்டு கூரிய முனையும் நீண்ட உடலும் உடையதாக இருத்தல் நன்று.

மலைக்கே உரிய வேறு இரண்டு இயல்புகளும் உள. ஒன்று, சரிவிலே மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சுடும்பொழுது குண்டு எதிர்பார்த்ததைவிட உயரத்திற் படும். புவியீர்ப்பின் செயல் சரிவின் நீளத்தைப் பொறுத்ததன்று, கிடைத்தூரத்தையே பெரிதும் பொறுத்தது என்பதே இதன் காரணம். 45 பாகைச் சரிவிலே 300 யார் தொலைவில் நிற்கும் விலங்கின் கிடைத்தூரம் 212 யாரே ஆகும். இதனை அறியாதவன், தூரம் அதிகமென்று எண்ணி மேலே குறி வைத்து, விலங்கின் முதுகுக்கு மேலாகச் சுடுவான். மற்றொன்று, உயரத்திலே காற்று அடர்த்தி குறைந்தது. கடல் மட்டத்திலிருந்து 3,000 மீற்றர் உயரத்தில் அதன் அடர்த்தி ஏறத்தாழ முக்காற்பங்கே. எனவே குண்டு சிறிது குறைந்த தடையோடு செல்லும். தாழ்நிலத்திலே திருத்திய துப்பாக்கியை மலையடியிலே மீண்டும் ஒரு முறை சுட்டுச் சோதித்துக்கொள்ளுதல் முன்னோர் கைக்கொண்ட நல்வழக்கம்.

மேற்கூறிய .270 தோட்டாவின் வரலாறு இங்கே அறியத் தக்கது. 1906ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட .30-06 என்ற தோட்டா வேட்டைக்கும் பெரிதும் பயன்பட்டது. அத்தோட்டாவின் குடும்பத்தைச் சேர்ந்த கூட்டின் கழுத்தைச் சுருக்கி, சிறிய குண்டை விரைந்து செல்லுமாறு அமைத்து, 1925ஆம் ஆண்டிலே வின்செஸ்டர் நிறுவனம் .270 தோட்டாவை வெளியிட்டது. பெரிய குண்டிலேயே நம்பிக்கை வைத்திருந்தோர் பலர் இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்று கருதினர். இதற்குப் புகழ் தேடித் தந்தவர் ஜாக் ஓகொனர் என்ற எழுத்தாளர். 1902ஆம் ஆண்டு அரிசோனாவிலே பிறந்த இவர், அங்குள்ள பல்கலைக்கழகத்திலே இதழியல் கற்பித்த ஆசிரியர்; பின்பு வேட்டைத் துறைச் சஞ்சிகை ஒன்றின் துப்பாக்கிப் பகுதிக்கு நெடுங்காலம் பொறுப்பாயிருந்தார். மலைச் செம்மறிகளை இத்தோட்டாவினாலேயே பெரும்பாலும் வேட்டையாடி, தாம் கண்டதை எளிய நடையிலே எழுதி, 1978ஆம் ஆண்டிலே மறைந்தார். அவருடைய மனைவியார் எலினர் அதனினும் மென்மையான 7 மில்லிமீற்றர் மௌசர் தோட்டாவை விரும்பி, அதனைக்கொண்டே ஆபிரிக்காவிலும் பெரிய விலங்குகளை வீழ்த்தினார். குறி தவறாத மென்மையான தோட்டா, குறி தவறும் வலிய தோட்டாவினும் மேலானது என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

பிற்காலத்திலே வலிமை நாடிய போக்கும் வளர்ந்தது. 1962ஆம் ஆண்டில் 7 மில்லிமீற்றர் ரெமிங்டன் மக்னம், 1963ஆம் ஆண்டில் .300 வின்செஸ்டர் மக்னம் ஆகிய தோட்டாக்கள் வந்தன. இவற்றின் பெரிய குண்டுகள் தொலைவிலும் மிகுந்த ஆற்றலைத் தாங்கிச் செல்வன என்பது உண்மை. அலாஸ்கா போன்ற இடங்களிலே கரடியை எதிர்ப்பட நேரும் என்ற காரணத்தாலும் சிலர் இவற்றை விரும்புவர். ஆயினும் .300 மக்னத்தின் 180 கிறெயின் குண்டு 300 யாரிலே தாழும் அளவு .270 குண்டு தாழும் அளவுக்கு ஏறக்குறையச் சமமே. அதன் உதையோ ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. செம்மறிக் கடா 300 இறாத்தலுக்கு மேற்படுவது அரிது. அவ்வுடலுக்கு அத்துணை வலிமை வேண்டப்படுவதில்லை. 2007ஆம் ஆண்டிலே வெளிவந்த 6.5 கிறீட்மூர் என்ற தோட்டா, மென்மையான உதையும் காற்றை ஊடறுக்கும் நீண்ட குண்டும் உடையதாய், குறுகிய காலத்திற் பலர் கையில் இடம்பெற்றது. நூறாண்டு கழிந்தும் .270 மலையை விட்டு இறங்கவில்லை.

தோட்டாவின் பெயரைவிடக் குண்டின் அமைப்பே முக்கியமானது என்பர் அறிந்தோர். விலங்கின் உடலிற் பட்ட குண்டு காளான்போல் விரிந்து, அதே வேளையில் ஆழமாகவும் செல்லவேண்டும். விரியாத குண்டு ஊசிபோல் ஊடுருவிப் போய்விடும். மிகுதியாக விரிந்து சிதறும் குண்டு தோலின் கீழேயே நின்றுவிடும். 1946ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கொலம்பியாவிலே மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடிய ஜோன் நோஸ்லர் என்பவர், தமது குண்டுகள் உட்செல்லாது சிதறியமை கண்டு, நடுவே உலோகத் தடுப்புச் சுவர் அமைந்த குண்டொன்றை அமைத்தார். முன்பாதி விரியவும் பின்பாதி சிதையாது செல்லவும் அத்தடுப்பு உதவியது. றொக்கி மலை வெள்ளாட்டுக்கு இத்தகைய குண்டு மிகவும் வேண்டப்படும். அடிபட்ட பின்பும் எளிதில் வீழாது, பாறை விளிம்பை நோக்கி நடந்து செல்லும் மனவுறுதி அதற்குண்டு. அண்மைக் காலத்திலே முழுவதும் செம்பினாலாகிய குண்டுகளும் பெருகியுள்ளன. ஈயத் துணுக்குகள் விலங்கின் எச்சங்களை உண்ணும் பிணந்தின்னிப் பறவைகளைக் கொல்வது அறியப்பட்டமையே இதற்குக் காரணம். கலிபோர்னியாவிலே பாலைச் செம்மறி வேட்டைக்கு ஈயக் குண்டு 2015ஆம் ஆண்டிலும், எல்லா வேட்டைக்கும் 2019ஆம் ஆண்டிலும் விலக்கப்பட்டது.

துப்பாக்கியின் ஏனைய உறுப்புகளையும் மலையே தீர்மானிக்கின்றது. மழையும் பனியும் மாறி மாறி வரும் இடத்திலே மரக்கட்டை ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, குழலை நெருக்கி, குறியை மாற்றிவிடக்கூடும். ஆதலால் இக்காலத்தார் பலர் கண்ணாடி இழையாலும் கரி இழையாலும் ஆன அடிக்கட்டைகளை விரும்புகின்றனர். குறிகாட்டி பெரிதாயிருத்தல் வேண்டியதில்லை. ஓகொனர் காலத்தவர் நான்கு மடங்கு பெரிதாக்கும் எளிய கண்ணாடியோடு மனநிறைவடைந்தனர். துப்பாக்கியிற் குறைத்த பாரத்தை நல்ல தொலைநோக்கியிலே செலவிடுதல் அறிவுடைமை. ஏனெனில், எந்த விலங்கைச் சுடலாம் என்று தீர்ப்பளிப்பது தொலைநோக்கியே. அலாஸ்காவின் பெரும்பாலான பகுதிகளிலே டால் கடாவின் கொம்பு முழு வட்டமாகச் சுருண்டிருத்தல் வேண்டும், அல்லது இரு கொம்பு நுனிகளும் முறிந்திருத்தல் வேண்டும், அல்லது அதன் வயது எட்டேனும் நிரம்பியிருத்தல் வேண்டும் என்பது விதி. கொம்பின் ஆண்டு வளையங்களை எண்ணி வயதறிவர். வெள்ளாட்டிலோ இருபாலும் கொம்புடையன. பெண்விலங்கைக் கொன்றால் மந்தையே மெலியும் என்பதால் ஆணை இனங்கண்டு சுடுமாறு அதிகாரிகள் வேண்டுவர்.

இவ்விதிகள் வெறும் சம்பிரதாயங்களல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் கட்டற்ற வேட்டையாலும், வீட்டுச் செம்மறிகளிடமிருந்து தொற்றிய நோயாலும் பெருங்கொம்புச் செம்மறி பல மலைகளிலே அடியோடு அழிந்தது. 1937ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே இயற்றப்பட்ட சட்டமொன்றினால், துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீது அறவிடப்படும் வரி வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்டது. அழிந்த மலைகள் சிலவற்றிலே செம்மறிகள் மீண்டும் குடியேற்றப்பட்டன. இன்று வேட்டைக்கு அளிக்கப்படும் அனுமதி அளவிற் சிறிது. அலாஸ்காவிலே உண்ணத்தக்க இறைச்சியை மலையிலே விட்டு வருதலும் குற்றம்.

தெரிவின் உண்மையான நோக்கம் இங்கேதான் வெளிப்படுகின்றது. சமவெளியிலே காயப்பட்ட விலங்கைத் தேடிப் பிடித்தல் கூடும். மலையிலே காயப்பட்ட ஆடு மனிதன் எட்ட முடியாத பாறை இடுக்கிலே சென்று, பல நாள் வதைபட்டுச் சாகும். அல்லது விளிம்பிலிருந்து நூற்றுக்கணக்கான அடி கீழே விழுந்து சிதையும். எனவே சுடுமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணவேண்டும். இத்தூரத்திலே குறி தவறாது என்ற உறுதி உண்டா? விலங்கு எங்கே விழும்? விழுந்த இடத்துக்கு மனிதன் செல்ல முடியுமா? இவற்றுள் ஒன்றுக்கேனும் இல்லை என்பது விடையாயின், துப்பாக்கியைத் தாழ்த்திக்கொள்ளுதலே வேட்டை அறம். எத்துணை வலிய தோட்டாவும் இத்தீர்ப்பை மனிதனுக்காகச் செய்துவிடாது.

தமிழருக்கும் மலையாட்டுக்கும் பழைய உறவு உண்டு. பழந்தமிழ்ச் செய்யுள்களிலே வருடை என வழங்குவது மலையாட்டையே. வரையாடு என்பதும் அதற்குரிய பெயர். மேற்குத் தொடர்ச்சி மலைகளிலே தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் மட்டுமே உரியதாய், உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாத நீலகிரி வரையாட்டை, ஆங்கிலேய ஆட்சிக் காலத்து வேட்டைக்காரர் பெருமளவிற் சுட்டு வீழ்த்தினர். அழிவைக் கண்டஞ்சிய அவர்களே 1877ஆம் ஆண்டிலே நீலகிரியில் வேட்டைச் சங்கம் அமைத்தனர்; 1879ஆம் ஆண்டிலே வேட்டைக்கு வரம்பிட்ட சட்டமும் பிறந்தது. 1972ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முழுக் காவல் அளித்தது. இன்று அது தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அம்மலைகளிலே அதனை நாடிச் செல்வோர் சுமப்பது தொலைநோக்கியும் நிழற்படக் கருவியுமே.

வேட்டை விலக்கப்பட்ட மலையிலும் சரி, அளவோடு அனுமதிக்கப்பட்ட மலையிலும் சரி, விலங்கு நிலைபெறுவது மனிதன் தன் ஆற்றலுக்குத் தானே எல்லை வகுத்துக்கொள்வதனாலேயாம். சுமக்கத் தக்க பாரம், தாங்கத் தக்க உதை, நன்கு பழகிய தூரம், தகுதியான குண்டு ஆகிய இந்நான்கையும் அளந்து தெரிந்தெடுப்பவன், துப்பாக்கியோடு தன்னையும் அளந்துகொள்கின்றான். அவ்வாறு அளந்தவனுடைய குண்டு ஒன்றே போதுமானதாகும். அது போதாத இடத்திலே சுடாமல் திரும்பும் துணிவும் அவனுக்கு உண்டாகும்.